'டாஃப்னிஸ்' முழு பாலே: துத்வாவுக்கு அடுத்து எந்த ஒலிப்பதிவு?

யீஷூன் முரளி:

வணக்கம். ரவேலின் 'டாஃப்னிஸ் எ க்ளோயே' முழு பாலே என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: சார்ல்ஸ் துத்வா, மொன்ட்ரியால் சிம்பொனி, டெக்கா, 1980ஆம் ஆண்டுப் பதிவு. இரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்றால் மோந்தூ, மூன்ஷ், க்ளூட்டன்ஸ், பூலேஸ் (அவரே இரண்டு முறை), ரோத் என்று பட்டியல் நீள்கிறது. எதை எதற்காக வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வீடு சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை அடுக்குமாடி. ஹால் 4 மீட்டருக்கு 3 மீட்டர், தரை முழுக்க டைல்ஸ். சிறிய ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், 40 வாட் ஆம்ப். சிடியாகவும் கேட்பேன், அதையே எம்பி3 ஆக்கி ஃபோனிலும் கேட்பேன்.

சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே காதில் விழுவதில்லை. ஒலியைக் கூட்டி வைத்தால், கடற்கொள்ளையர் ஆட்டம் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குப் போய்விடுகிறது. இசைத்தட்டில் குறையா, என் கருவியில் குறையா?

கூடவே இதையும் கேட்டுவிடுகிறேன். அந்தக் காலத்து ஃபிரெஞ்சு பாலே இசையில் எதை முழுதாகக் கேட்க வேண்டும், எதற்கு சூட் (பாலேயிலிருந்து கச்சேரிக்காகத் தொகுத்த பகுதிகள்) போதும்? நம் சிங்கப்பூர் சிம்பொனியின் டெபுஸி தட்டுகள் எப்படி?

செவிக்குணவு:

ஒலி அளவை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு ஆள் வருவார்கள்.

தட்டிலும் குறையில்லை, ஆம்பிலும் குறையில்லை. மின்விசிறியோ ஏர்கானோ ஓடுகிற ஹாலில் பின்னணி இரைச்சலே சுமார் 35 முதல் 40 டெசிபல் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை வராமல் நீங்கள் தொடக்கூடிய உச்சம் 80, மிஞ்சினால் 85. ஆக உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 45 டெசிபல் இடைவெளி. 'டாஃப்னிஸ்' அதற்குள் அடங்குகிற இசை இல்லை. டிம்பனி முரசின் மெல்லிய உருட்டல், மியூட் போட்ட தந்திகள், ச–ப இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவரும் சுரங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் தொடக்கம். டெக்காவின் ஆரம்பகால டிஜிட்டல் பதிவு அது. நாடா இரைச்சல் இல்லை என்ற தைரியத்தில் அந்த மெல்லொலியை உள்ளபடியே விட்டிருக்கிறார்கள். உங்கள் ஃபேன் அதை விழுங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியது: தொடக்கத்தை வைத்து ஒலி அளவைத் தீர்மானிக்காதீர்கள். கடைசி டிராக்கில் பொது ஆட்டத்தின் (எல்லோரும் சேர்ந்தாடும் நிறைவு ஆட்டம்) இறுதி ஒரு நிமிடத்தைப் போட்டு, தாங்கக்கூடிய உச்சத்தை முடிவு செய்யுங்கள். பிறகு முதல் டிராக்குக்கு வந்து குமிழைத் தொடாமல் விடுங்கள். அப்போதும் தொடக்கம் கேட்கவில்லை என்றால், ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்பீக்கருக்கு அருகே வாருங்கள். ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர், உங்களுக்கும் அவற்றுக்கும் ஒன்றரை மீட்டர். மூன்று மீட்டர் தள்ளி சோஃபாவில் கேட்பதைவிட இதில் நேரடி ஒலி 6 டெசிபல் அதிகம் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்குப் போவது ஏறவே ஏறாது.

அந்தச் சோஃபா சுவரை ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு காரணம். 4 மீட்டர் நீள அறையின் முதல் அதிர்வு 43 ஹெர்ட்ஸ் அருகே விழும். பேஸ் டிரம்மின் அடிவயிறு அங்கேதான் இருக்கிறது. கான்கிரீட் சுவர் அதைக் கொஞ்சமும் குடிக்காது. சுவரோரம் உட்கார்ந்தால் அது மட்டும் வீங்கிக் கேட்கும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது முன்னால் வந்து உட்காருங்கள். ஸ்பீக்கரின் துளை பின்பக்கம் இருந்தால், சுவருக்கும் அதற்கும் 40 சென்டிமீட்டராவது விடுங்கள். டைல்ஸ் தரையில் உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு கம்பளம். வயலின்களின் கூர்மை பாதி அதிலேயே போய்விடும்.

ஃபோனில் மூன்று அமைப்புகளைப் பார்க்கவும். ஒலியைச் சமன்செய்யும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது டிராக் வாரியாக வேலை செய்தால், இரவுக் காட்சியின் மெல்லிய பகுதியையும் கடற்கொள்ளையரின் போர் ஆட்டத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். ரவேல் செய்த வேலை வீண். கிராஸ்ஃபேட் (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) பூஜ்யத்தில் இருக்கட்டும். இடைவெளியில்லா ஒலிப்பு இயங்க வேண்டும், ஏனென்றால் 'டாஃப்னிஸ்' மூன்று பாகமும் நிற்காமல் ஓடுகிற இசை. டிராக் எண்கள் எல்லாம் தட்டு போட்டவர்கள் இட்டவை. எம்பி3 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகவே எழுதும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் மௌனத்தை இட்டு நிரப்பும். டிராக் மாறும் இடத்தில் வரும் 'டிக்' அதுதான். ஃப்ளாக் (ஒலி இழப்பில்லாத கோப்பு வகை) ஆக மறுபடி ஏற்றிவிடுங்கள்.

1980களின் சிடிகளை ஏற்றும்போது இன்னொரு பொறி உண்டு. சில தட்டுகளில் உயர் அதிர்வெண்களை வேண்டுமென்றே கூட்டிப் பதிந்திருப்பார்கள். சிடி பிளேயர் அதைக் கண்டுகொண்டு தானாகக் குறைக்கும். கணினியில் ஏற்றும்போது அந்தக் குறிப்பு பல மென்பொருள்களில் தவறிவிடும். பிளேயரில் சரியாகவும் கோப்பில் கீச்சென்றும் ஒலித்தால் அதைச் சந்தேகியுங்கள்.

கறுப்புத்தட்டு:

இரண்டாவது 'டாஃப்னிஸ்' என்றால் என் பதில் ஒரே பெயர்: பியர் மோந்தூ, லண்டன் சிம்பொனி, டெக்கா, 1959. 1912 ஜூன் 8 அன்று பாரிஸ் ஷாத்லே அரங்கில் இந்தப் பாலேயை முதன்முதலில் நடத்தியவர் அவரே. பதிவின்போது வயது 84. அந்த வரலாற்றுக்காக மட்டும் வாங்கச் சொல்லவில்லை. அவருடைய வேகங்கள் ஆடுகிறவர்களின் கால்களுக்குப் பொருந்துபவை, எங்கும் இழுவை கிடையாது. நாடா இரைச்சல் மெலிதாகக் கேட்கும். ஆனால் செவிக்குணவு அண்ணன் சொன்ன கணக்கில் இது உங்களுக்கு லாபம்: 1959இன் அனலாக் நாடாவில் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடைவெளி குறைவு, வீவக ஹாலுக்குள் அடங்கும்.

சார்ல்ஸ் மூன்ஷ் பாஸ்டன் சிம்பொனியோடு ஆர்சிஏவுக்கு இரண்டு முறை பதிந்திருக்கிறார், 1955இலும் 1961இலும். இரண்டும் ஸ்டீரியோ, உறையில் பெயர் மட்டும் பார்த்தால் எது எதுவென்று தெரியாது. நீங்கள் தேட வேண்டியது 1955. சூடான வாசிப்பு, கடைசி ஆட்டத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. அதே சூடு விடியல் காட்சியில் கொஞ்சம் அவசரமாகப் படும்.

பூலேஸ் இரண்டில், நியூயார்க் (1970கள், இப்போது சோனி) எலும்பு எலும்பாகத் தெரியும். பெர்லின் (1994, டாய்ச் கிராமஃபோன்) வழவழப்பு. பெர்லினை வாங்கினால் துத்வாவிடமிருந்து தூரம் போக மாட்டீர்கள், அதனால் உங்களுக்கு வேண்டாம். ஹைட்டிங்க் பாஸ்டனில் பதிந்ததும் அப்படித்தான்; அருமையான பதிவு, ஆனால் இரண்டாவது தட்டு அல்ல.

எதை எடுப்பது என்று தயங்கினால், எல்லாப் பதிவிலும் மூன்றாம் பாகத்தின் விடியலில் முதல் ஒன்றரை நிமிடத்தை மட்டும் ஒப்பிடுங்கள். புல்லாங்குழல்களும் கிளாரினெட்களும் மாறி மாறிச் சுழலும் நுண்சுரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, குழம்பாகிவிட்டனவா? அடியில் பேஸ்கள் மெட்டை மேலே தூக்கிவருவது முதல் சுரத்திலிருந்தே புலப்படுகிறதா? பறவைகளாக வரும் பிக்கலோவும் (சிறிய புல்லாங்குழல்) மூன்று தனி வயலின்களும் கூட்டத்துக்குள் இருக்கின்றனவா, மைக்கை முகத்தில் வைத்ததுபோல் துருத்துகின்றனவா? சற்று நேரத்தில் ஓர் இடையன் கடந்துபோவான், பிக்கலோ. தொலைவில் இன்னொருவன், சிறிய இ-ஃப்ளாட் கிளாரினெட். இரண்டாமவன் உண்மையிலேயே தொலைவில் இருக்க வேண்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால் மிச்சம் 50 நிமிடமும் சரியாக இருக்கும்.

அடுத்து கோரஸ். வார்த்தையே இல்லாமல் பாடுகிறார்கள். தம்பூராவைப் போல அது பின்னால் நின்று எல்லாவற்றையும் தாங்க வேண்டும், முன்னால் வந்து பாடக் கூடாது. முதல் பாகத்தையும் இரண்டாவதையும் இணைக்கும் இடத்தில் வாத்தியங்கள் அடங்கி கோரஸ் மட்டும் மேடைக்குப் பின்னாலிருந்து வரும்; ஒலிப்பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் அங்கே தெரிந்துவிடும். 1914இல் லண்டனில் பாலே குழுவின் முதலாளி தியாகிலெவ் செலவை மிச்சப்படுத்தக் கோரஸை வெட்டியபோது ரவேல் பத்திரிகைக்கே கடிதம் எழுதிக் கண்டித்தார். இரண்டாம் சூட்டைக் கோரஸ் இல்லாமலும் வாசிக்கலாம், பலர் அப்படித்தான் பதிகிறார்கள். அந்த மாதிரித் தட்டை வாங்க வேண்டாம்.

நாணல் நாக்கு:

கறுப்புத்தட்டு அண்ணே, மோந்தூவை மறுக்கவில்லை. ஆனால் லண்டன் சிம்பொனியைக் கேட்டு ரவேலின் வண்ணம் இதுதான் என்று முரளி நினைத்துவிடக் கூடாது. அந்த வண்ணத்துக்கு ஆந்த்ரே க்ளூட்டன்ஸ், பாரிஸ் கன்சர்வத்வார் இசைக்குழு, 1962. ரவேலின் இசைக்குழுப் படைப்புகளை 1961–62இல் வரிசையாகப் பதிந்தார்கள். 'டாஃப்னிஸ்' அதில் ஒன்று.

அந்த வாத்தியங்களே வேறு. ஃபிரெஞ்சு பாசூனுக்கு (கீழ்ச்சுர மரத்துளை வாத்தியம்) துளை ஒடுக்கம், சாவி அமைப்பு வேறு. ஜெர்மன் பாசூனின் உருண்டை ஒலி வராது, மூக்கொலி கலந்த மெல்லிய குரல் வரும். முதல் பாகத்தில் மாட்டிடையன் டோர்கன் ஆடும் கோணங்கி ஆட்டத்தில் பாசூன்கள் முன்னுக்கு வருமே, அதை துத்வாவிலும் க்ளூட்டன்ஸிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். க்ளூட்டன்ஸில் டோர்கன் கோமாளியாக இருக்கிறான், துத்வாவில் வெறும் தடியனாக இருக்கிறான். ஹார்ன்காரர்கள் அசைவுகொடுத்து ஊதுவார்கள். பழகாத காதுக்கு சாக்ஸபோன் போலத் தோன்றும். டிராம்போன் ஒல்லியான குழாய், அதனால் உச்சத்தில் வெடிக்குமே தவிர மற்றவர்களை மூடாது. அந்த இசைக்குழுவை 1967இல் கலைத்து ஆர்கெஸ்தர் தெ பாரி ஆக்கினார்கள். பிறகு ஃபிரெஞ்சு இசைக்குழுக்கள் பலவும் ஒவ்வொன்றாக ஜெர்மன் பாசூனுக்கு மாறின. க்ளூட்டன்ஸ் பதிவில் குறையும் உண்டு. ஒத்திசைவு பாஸ்டன் அளவுக்கு இறுக்கம் இல்லை, உச்சங்களில் நாடா சற்றுப் பிதுங்கும்.

அதே வாத்தியங்கள் வேண்டும், பதிவும் புதிதாக இருக்க வேண்டும் என்றால் ஃபிரான்சுவா-சேவியர் ரோத், லெ சியெக்ல், ஹார்மோனியா முண்டி, 2017இல் வந்தது. 1910களில் பாரிஸில் புழங்கிய மாதிரி வாத்தியங்களைக் கொண்டே வாசிக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் குறை: கடைசி ஆட்டம் சுத்தமாக இருக்கிறது, மயக்கம் இல்லை. ஐந்தடித் தாளம் அது. ஒத்திகையில் ஆட்டக்காரர்கள் 'ஸெர்-கே-தியா-கி-லெவ்' என்று தங்கள் முதலாளியின் பெயரைச் சொல்லித் தாளம் பிடித்தார்களாம்.

சுரப்படியில் ரவேல் காலத்திலிருந்தே அச்சுப்பிழைகள் ஏராளம். ஜான் வில்சன் அவற்றைத் தானே திருத்திப் புதுப் பதிப்பு தயாரித்து, சின்ஃபோனியா ஆஃப் லண்டனுடன் சாண்டோஸுக்குப் பதிந்தார், 2023இல் வெளிவந்தது. ஒலி மிகப் பிரமாதம். உங்கள் மெல்லொலிப் பிரச்சினை அதில் துத்வாவைவிட மோசமாகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சிங்கப்பூர் சிம்பொனி பற்றி: லான் ஷுயி தலைமையில் ஸ்வீடனின் பிஸ் நிறுவனத்துக்குப் பல டெபுஸி தட்டுகள் செய்தார்கள். 'லா மேர்' உள்ள தட்டு கடல் பற்றிய தொகுப்பு. பிரிட்ஜ், கிளாசுனோவ், ஜோ லோங் ஆகியோரின் கடல்களும் சேர்ந்தது. உங்கள் கேள்விக்குப் பொருந்துவது மூன்று பாலேகள் உள்ள தட்டு: 'ஜூ', 'கம்மா', 'லா ப்வாத் அ ஜூஜூ' (பொம்மைப்பெட்டி). மூன்றையும் ஒரே தட்டில் வைத்ததில் ஒரு பாடம் இருக்கிறது. டெபுஸி முழுக்கத் தானே வாத்தியம் பிரித்து எழுதியது 'ஜூ' மட்டும். 'கம்மா'வில் சில பக்கங்களுக்குப் பிறகு வேலையை ஷார்ல் கெக்லானிடம் ஒப்படைத்தார். பொம்மைப்பெட்டி பாலேயை அவர் பியானோவுக்கு எழுதி வைத்தார். 1918இல் இறந்த பிறகு ஆந்த்ரே கப்லே முடித்தார். வரிசையாகக் கேட்டால் 'ஜூ'வில் ஒரு மெட்டு ஒரு வாத்தியத்தில் இரண்டு தாள அளவைக்கு மேல் தங்குவதில்லை, மற்ற இரண்டிலும் தங்குகிறது என்பது தானாகப் புரியும். வாசிப்பு நிதானம், மரத்துளை வாத்தியங்கள் நன்று. வாங்கலாம். பிஸ் பதிவுகள் ஒலி வீச்சை ஒடுக்குவதே இல்லை. பழைய உறைகளில் அதை எச்சரிக்கையாகவே அச்சிட்டிருப்பார்கள். குமிழில் கை வைக்கும் முன் செவிக்குணவு சொன்ன முறையைச் செய்யுங்கள்.

யீஷூன் முரளி:

மிக்க நன்றி, மூவருக்கும். சோஃபா சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, இன்றே நகர்த்துகிறேன். மோந்தூவும் க்ளூட்டன்ஸும் என்று முடிவு செய்துவிட்டேன். நாணல் அக்கா, 'ஜூ' எனக்குப் பிடிபடவே இல்லை, அதற்கு ஏதாவது வழி உண்டா? மற்ற பாலேகள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

இரவுப் பத்தரை:

உறையில் முழு பாலேயா சூட்டா என்று எழுதாத தட்டுகள் நிறைய. நேரத்தைப் பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். 'டாஃப்னிஸ்' முழுதும் 55 நிமிடத்தை ஒட்டி, இரண்டாம் சூட் 16–18. ரூசெலின் 'பாக்கஸ் எ ஆரியான்' முழுதும் 35க்கு மேல், இரண்டாம் சூட் 20க்குள். அவருடைய 'சிலந்தியின் விருந்து' முழுதும் அரை மணி, துண்டுகள் மட்டும் 17 வாக்கில். பூலாங்கின் 'லெ பிஷ்' முழுதும் 35, சூட் 20. ரவேலின் 'மா மேர் ல்வா' பாலே 28, சூட் 16.

ரூசெலைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் எல்லோரும் கடைசியில்தான் வந்து சேர்கிறார்கள். 'பாக்கஸ்' 1931இல் பாரிஸ் ஓபராவில் செர்ஜ் லிஃபார் ஆட்ட அமைப்பில் வந்தது. இரண்டாம் சூட் என்பது இரண்டாம் அங்கம்தான், வெட்டு கிடையாது. ஆகவே அது மட்டும் போதும் என்கிறவர்களோடு சண்டை போட மாட்டேன். மூன்ஷ் 1952இல் பாஸ்டனில் பதிந்தது மோனோ, ஆனாலும் தீ. முழுதாக வேண்டும் என்றால் ழான் மார்த்தினோன், ஓஆர்டிஎஃப் (ஃபிரெஞ்சு வானொலி) இசைக்குழு, எராட்டோ. அல்லது விலை குறைவாக ஸ்டெஃபான் டெனெவ், ஸ்காட்லாந்து தேசிய இசைக்குழு, நாக்ஸோஸ். 'சிலந்தி' நேர்மாறு: துண்டுகளில் கதை அறுந்துபோகிறது. பட்டாம்பூச்சி, எறும்பு, ஈசல் எல்லாம் வந்து மாட்டுகிற வரிசை தெரிய வேண்டுமானால் முழுதாகக் கேளுங்கள்; அதற்கும் மார்த்தினோன் எராட்டோவில் இருக்கிறார்.

'லெ பிஷ்' 1924 ஜனவரியில் மான்டி கார்லோவில், நிஜின்ஸ்காவின் ஆட்ட அமைப்பில் முதலில் ஏறியது. சூட்டில் இல்லாதது என்னவென்றால் பாட்டு. முழு பாலேயில் கோரஸ் பாடும் பகுதிகள் உண்டு, குறும்பு பாதி அங்கேதான் இருக்கிறது. முழுமைக்கு ஜார்ஜ் ப்ரெத்ர், ஃபில்ஹார்மோனியா, அம்ப்ரோசியன் பாடகர்கள். சூட்டுக்கு லூயி ஃப்ரேமோ, பர்மிங்காம். ஒலி ஒரு படி மேல்.

பால் டூகாஸின் 'லா பெரி'யில் (1912) கவனம். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பித்தளை வாத்தியங்களின் முழக்கம். உடனே பாலே கிசுகிசுப்பாகத் தொடங்கும். முழக்கத்துக்கு ஒலியைக் குறைத்தால் அடுத்த ஐந்து நிமிடம் போயிற்று. முழக்கம் தனி டிராக்காக உள்ள தட்டை எடுங்கள். சில தொகுப்புகளில் முழக்கம் மட்டும் இருக்கும், பாலே இருக்காது. அதையும் நேரம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், மொத்தம் 20 நிமிடம் வர வேண்டும்.

தாரியுஸ் மியோவின் 'உலகப் படைப்பு' (1923) இருபதுக்கும் குறைந்த தனி வாத்தியங்களுக்கு எழுதியது. வயோலாவே இல்லை, அந்த இடத்தில் ஆல்ட்டோ சாக்ஸபோன். தந்திக் கூட்டத்தைப் பெருக்கி வாசித்தால் ஜாஸ் நெடி போய்விடும். பெர்ன்ஸ்டைன் 1976இல் ஃபிரான்ஸ் தேசிய இசைக்குழுவுடன் பதிந்தது கச்சிதம்.

எரிக் சாட்டியின் 'பராட்' (1917) பதிவில் தட்டச்சு இயந்திரமும் துப்பாக்கியும் சைரனும் வரும். இரவு 10.30க்குப் பிறகு வேண்டாம். டொராட்டி, லண்டன் சிம்பொனி, மெர்க்குரி.

ஃப்ளோரான் ஷ்மிட்டின் 'சலோமேயின் துயரம்': 1907இல் சிறிய இசைக்குழுவுக்கு எழுதிய மூலம் ஒரு மணி நேரம், 1910இல் பெரிய இசைக்குழுவுக்குச் சுருக்கியது அதில் பாதி. சுருக்கியதே மேல். மார்த்தினோன் அல்லது பாரே (டெட்ராய்ட், மெர்க்குரி). அந்தத் தலைமுறையைத் தாண்டி ஒன்று வேண்டுமானால் ஆன்ரி துத்தியூவின் 'லெ லூ' (1953, ரோலான் பெத்தி), ஜான் வில்சன் சாண்டோஸில் 2021இல் கொடுத்தது.

கறுப்புத்தட்டு:

தேடும்போது பெயர்க் குழப்பம் வரும். 2013இல் இஎம்ஐயின் செவ்வியல் பிரிவு வார்னருக்குப் போனதால், க்ளூட்டன்ஸும் மார்த்தினோனும் ப்ரெத்ரும் இப்போது வார்னர் அல்லது எராட்டோ பெயரில் இருப்பார்கள். ஆர்சிஏ, சிபிஎஸ் இரண்டும் சோனியில். பிலிப்ஸும் மெர்க்குரியும் டெக்காவில். ஒலியோடையில் ஒரே பதிவு நான்கு உறைகளில் கிடக்கும். நடத்துநர், இசைக்குழு, பதிவான ஆண்டு, இந்த மூன்றும் ஒத்தால் ஒரே பதிவு. வெளியான ஆண்டை நம்பாதீர்கள்.

பழைய தட்டுக்கு அடெல்ஃபி கடைத்தொகுதிப் பக்கம் போனால் உறையை மட்டும் பார்த்து வாங்காமல், உள்தாளை வெளியே இழுத்து விளக்கில் சாய்த்துப் பாருங்கள். நம் ஊரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். எல்பியில் சாம்பல் நிறப் புள்ளிகள் பூவிரித்தாற்போல் இருந்தால் பூஞ்சை. காய்ச்சி வடித்த நீரில் அயனியற்ற ஈரமூட்டி சில துளி விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தால் போகும். ஆனால் பூஞ்சை வெகுநாள் தின்ற பள்ளத்தில் சடசடப்பு தங்கிவிடும். 'டாஃப்னிஸ்' தொடக்கம் மாதிரி மெல்லிய இசையில் அது இசையைவிடச் சத்தமாகக் கேட்கும், அதனால் இந்த வகை இசைக்கு எல்பியைவிடச் சிடியே எடுப்பது புத்திசாலித்தனம். வாங்கி வந்ததும் காகித உள்தாளைத் தூக்கிப்போட்டு பாலித்தீன் உள்ளுறை மாற்றுங்கள். கனத்த பிவிசி வெளியுறை வேண்டாம், சூட்டில் தட்டின்மேல் பனிபோல் படியும். உலர்பெட்டி இருந்தால் 45–50 சதவீதத்தில் வையுங்கள். அதற்கும் கீழே போனால் அட்டை வளைந்து பசை விடும்.

சிடியில் பார்க்க வேண்டியது விளிம்பு. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் அச்சான சில தட்டுகள் விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறும். அது வளரும் நோய், கடைசி டிராக்கிலிருந்து தொடங்கும். நம் விஷயத்தில் கடைசி டிராக் என்றால் பொது ஆட்டம்! கடைக்காரரிடம் கடைசி இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 400 வெள்ளிக்கு உட்பட்ட சின்னப் பொட்டலத்துக்கும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 சதவீதம். பதிவு செய்த விற்பனையாளர் வாங்கும்போதே சேர்த்துவிடுவார். விலையை ஒப்பிடும்போது அதையும் அஞ்சல் செலவையும் கூட்டிப் பாருங்கள். க்ளூட்டன்ஸை ஒற்றைத் தட்டாகத் தேடுவதைவிட ரவேல் பெட்டியாகவே எடுப்பது பெரும்பாலும் மலிவு.

நாணல் நாக்கு:

முரளி, 'ஜூ'வில் மெட்டைத் தேடினால் பிடிபடாது, கதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்திப் பொழுது, பூங்கா. மிக மெதுவான முன்னுரையில் மரத்துளை வாத்தியங்கள் இறங்கிவரும் அடுக்குச் சுரங்கள்தான் முதல் அடையாளம். பிறகு வேகம் கூடும், முன்னுரை ஒரு கணம் திரும்பி எட்டிப் பார்க்கும், அதை அடுத்து ஒரு டென்னிஸ் பந்து மேடையில் விழும். அதைத் தேடி வரும் பையன், இரண்டு பெண்கள். முதலில் ஒருத்தியோடு ஆட்டம், மற்றவள் முறைக்கிறாள், அவளோடு ஆட்டம், கடைசியில் மூவரும். மூவர் ஆட்டம் மூன்றடித் தாளத்தில் விட்டுவிட்டுச் சூடேறி ஒரே ஒரு பெரிய உச்சத்துக்குப் போகும். மொத்தப் படைப்பிலும் இசைக்குழு முழுவதும் சேர்ந்து திறந்துவிடுவது அங்கேதான். அந்த உச்சம் வந்த பின்னும் முன்னுரை திரும்புகிறது, இன்னொரு பந்து எங்கிருந்தோ விழுகிறது, மூவரும் ஓடிவிடுகிறார்கள். மொத்தம் 18 நிமிடம் போல.

முதலில் ஹைட்டிங்க், கன்செர்ட்கெபோவ், பிலிப்ஸ். வேக மாற்றங்கள் அறுபது போல உண்டு. ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து தானாக நழுவி வர வேண்டும், கியர் மாற்றியது தெரியக் கூடாது. அவரிடம் தெரியாது. அடுத்து பூலேஸ், நியூ ஃபில்ஹார்மோனியா, 1966. அவரிடம் கியர் தெரியும், ஆனால் உள்ளே என்னென்ன பற்கள் என்பதும் தெரியும். டெ சபாட்டா 1947இல் ரோமில் பதிந்தது வரலாறு. ஒலி அந்தக் காலத்து ஒலி.

சுரப்படி வைத்துக் கேட்பது இதற்கு உதவும். டெபுஸி 1918இலும் ரவேலும் ரூசெலும் 1937இலும் இறந்தவர்கள், இங்கே பதிப்புரிமை ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு. ஆகவே மூவரின் சுரப்படிகளும் இணையத்தில் சட்டப்படி இலவசம். பூலாங்குக்கு 2033 முடிய வேண்டும். ஃபோன் திரையில் 'ஜூ' சுரப்படி படிக்க முடியாது, ஒரு பக்கத்துக்கு முப்பது வரி வரை வரும். டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பிப் பாதிப் பக்கம் பாதிப் பக்கமாகப் பாருங்கள்.

'மா மேர் ல்வா' பாலேயைக் கோப்பாக ஏற்றினால் டிராக் வரிசையையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சூட்டில் தூங்கும் அழகியின் பவானுக்கு (மெதுவான பழைய ஆட்டம்) அடுத்து கட்டைவிரல் பையன். பாலேயில் முன்னுரை, ராட்டை ஆட்டம், பவான், பிறகு அழகியும் மிருகமும், அதற்கும் பிறகுதான் கட்டைவிரல் பையன். சில மென்பொருள்கள் தலைப்புகளை மட்டும் சூட் வரிசையில் ஒட்டிவிடுகின்றன.